பின்னாடி குந்தின கார்

காரக் கீழ எறக்கணும், கையில காசு கம்மி, இன்னா ஸ்பிரிங் போடலாம், இன்னா ஷாக்கு போடலாம்னு ஆளாளுக்கு வந்து கேக்கறீங்க. போன்ல படம் காட்டறீங்க. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு வெரல் கூட நுழையக் கூடாதுங்கறீங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது, நான் ஒன்னும் குத்தம் சொல்ல வரல. நானும் கள்ளக்குறிச்சியில ஸ்பிரிங் கடை வெச்சி காலத்த ஓட்டினவன்தான். எறக்கியும் குடுத்திருக்கிறேன், ஏத்தியும் குடுத்திருக்கிறேன்.

கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், அப்பறம் என் புராணத்த கேளுங்க. காசு கம்மின்னா ஸ்பிரிங்குல மிச்சம் புடிங்க, ஷாக்குல புடிக்காதீங்க. ஸ்பிரிங் வண்டியத் தூக்கி நிறுத்தும், அதோட சரி. குதிக்கிற வண்டிய அடக்கறது ஷாக்குதான். ஒரு ஜோடிக்குத்தான் வக்கு இருக்குதுன்னா முன்னாடி ஜோடிய மாத்துங்க, ஸ்டீரிங்கும் பிரேக்கும் முன்சக்கரத்த நம்பித்தான் இருக்குது. கேஸ் வெச்சி ஸ்பிரிங்க சுட்டு உக்கார வெக்கிற கடப் பக்கம் தல வெச்சிக் கூட படுக்காதீங்க. சுட்ட ஸ்பிரிங் இன்னிக்கு ஒரு ஒசரம் நிக்கும், அடுத்த மழைக்கு வேற ஒசரம் நிக்கும்.

வேல இவ்ளோதான். ஆனா இந்த வண்டி எந்தப் பக்கம் ஓடப் போவுது, அத யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்காம ஒரு போல்ட்டக் கூட கழட்டாதீங்க. அது எனக்கு கலியமூர்த்தி கார்ல தெரிஞ்சுது.

இட ஒதுக்கீடு கேட்டு போராட்டம் நடந்துக்கினு இருந்த வருஷம் அது. உங்கள்ல பாதிப் பேரு பொறந்தே இருக்க மாட்டீங்க. ரோட்டோரத்துல இருந்த புளியமரத்தையெல்லாம் வெட்டி குறுக்க சாச்சிட்டாங்க. உளுந்தூர்பேட்டையில லாரிங்க வரிசையா நின்னு டிரைவருங்க ரோட்லயே சோறாக்கித் தின்னாங்க. பஸ்ஸு இல்ல. காலையில தொறந்திருக்கிற ரோடு மத்தியானம் இருக்காது. டீக்கடையில ஒருத்தன ஒருத்தன் பாத்தா சௌக்கியமான்னு கேக்கறதில்ல, எந்த ரோடு தொறந்திருக்குதுன்னுதான் கேப்பான். போலீசுக்கும் பயம், மறியல் பண்றவங்களுக்கும் பயம், நடுவுல வண்டி ஓட்டறவனுக்கு ரெண்டு பக்கமும் பயம்.

கலியமூர்த்தி நைனார்பாளையத்துக்காரன். வூட்ல காடு கழனி உண்டு, அண்ணந்தம்பிங்க பாத்துக்கினாங்க, இவனுக்கு மட்டும் மண்ணு ஒட்டல. தன் பங்க குடுத்துட்டு, பொண்டாட்டி நகையையும் போட்டு, பழைய கார் ஒன்னு வாங்கி கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுல டாக்ஸியா விட்டான். முன்னாடி சுருள் ஸ்பிரிங், பின்னாடி லாரிக்கு இருக்கற மாதிரி ஒன்னு மேல ஒன்னா அடுக்கின பட்டை ஸ்பிரிங், அந்த ஜாதி சின்ன காரு. அதுதான் அவனுக்கு சோறு, தண்ணி எல்லாம். அது போனா திரும்பிப் போய் அண்ணன் நெலத்துல கூலிக்கு நிக்கணும், அவ்ளோதான்.

அந்த சமயத்துல பாண்டிச்சேரியிலேர்ந்து ஒரு காரு வந்து, தரையோட தரையா எறங்கி நின்னு, முகூர்த்த சவாரி மொத்தத்தையும் அள்ளிக்கினு போய்க்கினு இருந்துச்சி. மாப்ள ஊர்வலத்துக்கு அந்த குள்ள காருதான் வேணும்னு பொண்ணு வூட்டுக்காரங்க அடம் புடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. கலியமூர்த்திக்கு வயித்தெரிச்சல். நேரா எங்கிட்ட வந்து, நம்ம காரையும் எறக்கு, செலவு கம்மியா இருக்கணும்னான்.

நான் கேஸ் வெக்கல. முன்னாடி சுருள ரம்பத்துல ஒரு அரை வளையம் அறுத்தேன். பின்னாடி பட்டை ஒன்னையும் கழட்டல, எல்லாத்தையும் அடிச்சி வளைவ மட்டும் கம்மி பண்ணேன். பலம் அப்படியே இருக்கும், ஒசரம் மட்டும் எறங்கும். ஷாக்கு விஷயத்துலதான் ரெண்டு பேருக்கும் ரகள. பழசுக்கே ஆயில் ஊத்திக் குடுன்னு அவன் ஒத்தக் கால்ல நின்னான். முடியாதுன்னு நான் வண்டிய ஜாக்கியிலயே வெச்சிட்டு டீ குடிக்க போயிட்டேன். கடைசியில மொணகிக்கினே முன்னாடிக்கு ஒரு ஜோடி புதுசு வாங்கினு வந்தான். பின்னாடி பழசுதான். காரு முன்னும் பின்னும் சமமா, அம்சமா எறங்கி நின்னுச்சி. சுத்துப்பட்டு கல்யாண சவாரியெல்லாம் இவனுக்கும் வர ஆரம்பிச்சிது.

அதோட விட்டானா? பாண்டிச்சேரி காரு பின்னாடி இன்னும் குந்திக்கினு இருக்குது, நம்முளுதையும் குந்த வெய்யின்னு வந்தான். மூணு பேரு பின்னாடி ஒக்காந்தா ஆக்ஸில் மேல இருக்கற ரப்பர் கட்டையில போய் இடிக்கும், ஒழுங்கா வூடு போய் சேருன்னு திட்டி அனுப்பிட்டேன். அந்தண்ட போய் வேற ஒரு கடையில பக்கத்துக்கு ஒரு பட்டைய உருவிட்டு வந்துட்டான். எனக்குத் தெரியாது.

இப்ப நம்ம ஊரப் பத்தி ஒரு வார்த்தை. கல்வராயன் மலையிலேர்ந்து அப்ப மரவள்ளி வரும், புளி வரும், கடுக்காய் வரும், அதோட சாராயமும் வரும். உலகத்துக்கே தெரியும். அதனால அடிவாரத்து செக் போஸ்ட்ல நிக்கிற போலீசு டிரைவர் மூஞ்சிய பாக்க மாட்டான், வண்டி பின்பக்கத்தத்தான் பாப்பான். பின்னாடி குந்தியிருந்தா உள்ள என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். சென்னையில குந்தின காரு ஸ்டைலு. மலையடிவாரத்துல குந்தின காரு கேசு. இந்தக் கணக்கு ஊர்ல ஆடு மேய்க்கிறவனுக்குக் கூட தெரியும், ஆனா ஸ்டைலு கண்ண மறச்சிட்டா யாருக்கும் ஒன்னும் தெரியாது.

ஒருநாள் வெள்ளிமலையில ஒரு ஜீப்புக்கு மெயின் பட்டை ஒடஞ்சிட்டுதுன்னு ஆள் அனுப்பியிருந்தாங்க. பஸ்ஸு ஓடல. மலை மேல வேல பாக்கற ஒரு வாத்தியார் குடும்பம் கீழ மாட்டிக்கினு இருந்துச்சி, அவங்கள கொண்டுபோய் விட கலியமூர்த்திக்கு சவாரி கெடச்சிது. நானும் பட்டையத் தூக்கிக்கினு அதுலயே தொத்திக்கினேன். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு பின்னாடி டொக்கு டொக்குன்னு ரப்பர்ல இடிக்குது. எனக்கு சுருக்குன்னுச்சி. கரியாலூர்ல நிறுத்தினதும் கீழ படுத்து பாத்தேன், பட்டை ஒன்னு கம்மி. வாத்தியார் சம்சாரம் காதுல விழுந்தாலும் பரவால்லன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சிரிச்சிக்கினே, பின்னாடி குந்தினாத்தான்ணா அழகுன்னான்.

என் வேலய முடிச்சிட்டு சாயங்காலத்துக்கு ரொம்ப முன்னாடியே எறங்கிட்டோம். காரு காலி. நாங்க ரெண்டு பேரு, டிக்கியில என் சாமான் பை, அவ்ளோதான். அடிவாரத்துல கட்டைய குறுக்க போட்டிருந்தாங்க. எப்பவும் ரெண்டு போலீசு நிக்கிற எடத்துல அன்னிக்கு ஒரு கூட்டமே நின்னுது. மறியல்னால யாருக்கும் லீவு இல்ல, தூக்கம் இல்ல, ஆளாளுக்கு கண்ணு செவந்து கெடந்துச்சி. ஒரு சப் இன்ஸ்பெக்டர் ஸ்டூல் போட்டு ஒக்காந்திருந்தாரு. எங்க காரு வந்து நின்னதும் எழுந்து நேரா பின்னாடி போனாரு. குனிஞ்சி பாத்தாரு. கலியமூர்த்திய காலர புடிச்சி வெளிய இழுத்தாரு.

டிக்கிய தொறந்தாங்க, என் பைதான் இருந்துச்சி. பின்சீட்ட பிடுங்கி ரோட்ல போட்டாங்க, ஒன்னுமில்ல. ஒன்னுமில்லன்னா விட்டுடுவாங்கன்னுதானே நெனப்பீங்க? காலியா இருக்க இருக்க அவருக்கு சந்தேகம் ஜாஸ்தியாச்சி. காலி காரு எப்படி குந்தும்? அடியில தகரத்துல டேங்கு வெச்சி வெல்டிங் பண்ணியிருக்கான், ஸ்டேஷனுக்கு கொண்டுபோய் அறுத்து பாக்கலாம்னு சொல்லிட்டாரு. அந்தக் காலத்துல ஸ்டேஷனுக்குப் போன காரு வூட்டுக்கு வராது. கேசு முடியறதுக்குள்ள சீட்டு வழியா எருக்கஞ்செடி மொளைக்கும். கலியமூர்த்தி கும்பிட்ட கைய எறக்கவே இல்ல. ஒதடு வெளுத்துப் போச்சி. அவனால பட்டைய உருவின விஷயத்தச் சொல்லக் கூட முடியல.

பேச வேண்டியவன் நான்தான். ஆனா எனக்கு இன்னா பயம் தெரியுங்களா? நான் ஸ்பிரிங் மெக்கானிக்னு சொன்னா அடுத்த கேள்வி எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும். மலை ஜீப்பு பாதிக்கு நான்தான் பட்டை சேத்துக் குடுத்திருந்தேன். மூட்ட ஏத்தணும்னு கேப்பாங்க, போட்டுக் குடுப்பேன். எதுல இன்னா ஏத்தறாங்கன்னு யாருக்குத் தெரியும்? வாய மூடிக்கினு நின்னா நான் தப்பிச்சிடுவேன், இவன் காரு போயிடும். வாயத் தொறந்தா ஒருவேள ரெண்டு பேருமே உள்ள போவோம்.

தொறந்தேன். "ஐயா, இதுல பட்டை கழட்டியிருக்குது. அதனாலதான் குந்திக்கினு இருக்குது. மூணு பேர பின்னாடி ஒக்கார சொல்லிப் பாருங்க"ன்னேன்.

அவரு என்ன ஏற எறங்க பாத்துட்டு மூணு போலீச ஏறச் சொன்னாரு. சீட்டு இல்லாததால வெறும் தகரத்துல குந்தினாங்க. ஏறினதும் காரு டொக்குன்னு அடியில போய் ஒக்காந்துச்சி. குனிஞ்சி பாருங்கய்யான்னேன். ஏற்கெனவே பாரம் இருந்து குந்தியிருந்தா பட்டை வெறைப்பா நிக்கும், இவ்ளோ தூரம் எறங்காது; இது தொட்டாலே எறங்குது, இதுல சாராயம் ஏத்தினா ரெண்டாவது வளைவுலயே ஆக்ஸில் ஒடஞ்சி நிக்கும்னு விளக்கினேன். அவரு புத்திசாலி, புரிஞ்சிக்கினாரு. மொகம் கொஞ்சம் எளகிச்சி. எனக்கு தெம்பு வந்துச்சி. தெம்பு வந்தா நாக்கு நீளும் பாருங்க, அதுதான் நம்முள கெடுக்கறது. "சரக்கு ஏத்தறவன் பட்டைய சேப்பான்யா, கழட்ட மாட்டான்"னு சொல்லிட்டேன்.

"சேத்துக் குடுக்கறது யாரு?"

அவரு ரொம்ப மெதுவாத்தான் கேட்டாரு. பொய் சொல்றதுக்கு நேரமும் இல்ல, தைரியமும் இல்ல. மூட்டைக்குன்னு கேக்கறவங்களுக்கு நான்தான்யா சேத்துக் குடுக்கறேன்னு சொன்னேன். அப்ப யார் யாருக்குன்னு பேரச் சொல்லு, சொல்லிட்டு ரெண்டு பேரும் கார எடுத்துக்கினு போவலாம், இல்லன்னா காரும் இங்க, நீங்களும் இங்கன்னுட்டு திரும்பிப் போய் ஸ்டூல்ல ஒக்காந்துக்கினாரு.

பேரு சொல்றதா? அந்த நாள்ல ஒரு பேரு போலீஸ் வாயில விழுந்தா அது சாராய கேசா, மறியல் கேசான்னு கூட யாரும் பாக்க மாட்டாங்க. வண்டியில கடுக்காய் ஏத்தினவனும் மாட்டுவான். கலியமூர்த்தி எங்கிட்ட வந்து, சொல்லிடுண்ணா, யாரு பேரையாவது சொல்லிடுன்னு காதுல முணுமுணுக்கறான்.

அப்பத்தான் வளைவுல ஜீப்பு சத்தம் கேட்டுச்சி. பொன்னன் ஜீப்பு. பொன்னன் மலைக்காரன், மரவள்ளி ஏத்தி எறக்கறவன், என் கடையில பட்டை சேத்தவன். சேக்கற அன்னிக்கு கலியமூர்த்தியும் பக்கத்துல ஒக்காந்து பீடி குடிச்சிக்கினு இருந்தான். ஜீப்புல பின்னாடி நாலஞ்சு மூட்ட, அது மேல பாய விரிச்சி அவன் பொண்டாட்டி படுத்திருக்கா, அவ அக்கா தலைய மடியில புடிச்சிருக்கா. மரத்துலேர்ந்து விழுந்துட்டா, பெரியாஸ்பத்திரிக்கு போறோம்னான் பொன்னன். ஜீப்பு குந்தல, நேராத்தான் நின்னுச்சி. கட்டைய தூக்கச் சொல்லி சப் இன்ஸ்பெக்டர் கைய காட்டிட்டாரு.

ஆனா எனக்கு கணக்கு ஒதைச்சிது. நான் சேத்த பட்டைக்கு, நாலஞ்சு மூட்டையோட அந்த ஜீப்பு பின்னாடி தூக்கிக்கினு நிக்கணும். நேரா நிக்குதுன்னா மூட்டைக்கு அடியில கனமா என்னமோ இருக்குது. இந்த ஊர்லயே அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிக்கினு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினேன்.

"ஐயா, அந்த ஜீப்புக்கு இவருதான் பட்டை சேத்தாரு. இந்த மூட்டைக்கு அது இப்படி நிக்காது. அடியில பாருங்க."

சொன்னது கலியமூர்த்தி. எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சி. எவனுக்காக வாயத் தொறந்தேனோ, அவன் என்னையும் சேத்து ஒரு பொம்பள படுத்திருக்கிற வண்டியையும் காட்டிக் குடுக்கறான். அவன் யாரையும் பாக்கல. கார மட்டும் பாத்துக்கினு இருந்தான்.

அந்தப் பொண்ண பாயோட தூக்கி ரோட்டோரத்துல வெச்சாங்க. தொடை எலும்பு போயிருந்துச்சி, மூங்கில் பத்தை வெச்சி கட்டியிருந்தாங்க. தூக்கும்போது அவ போட்ட சத்தத்துல ஒரு போலீசு கைய விட்டுட்டான். மூட்டையெல்லாம் எறக்கினாங்க, மரவள்ளிக் கெழங்கு. அதுக்கு அடியில சாக்கு சுத்தி வரிசையா அடுக்கியிருந்துச்சி. ஒவ்வொன்னா பிரிச்சாங்க. கல்லு. ஆத்துக் கல்லு.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு கல்ல கால்ல பொரட்டிப் பாத்துட்டு, இன்னாயா இதுன்னாரு. பொன்னன் அவருக்குத்தான் பதில் சொன்னான், ஆனா என்னப் பாத்துக்கினு சொன்னான். "இவரு போட்ட பட்டை நல்லா சொமக்குதுங்க. பாரம் கம்மின்னா தூக்கித் தூக்கி அடிக்குதுங்க. அவ தாங்க மாட்டா, அதான் கல்லு ஏத்தினேன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சி. தம்பிங்களா, இதத்தான் கேட்டுக்கங்க. அவன் எங்கிட்ட வந்தப்ப எத்தன மூட்ட ஏத்துவேன்னு கேட்டேன், பட்டை போட்டேன். மூட்ட இல்லாத நாள்ல அந்த வண்டியில யாரு போவாங்கன்னு எனக்கு கேக்கத் தோணல, அவனுக்கும் சொல்லத் தெரியல. வெறைப்பான பட்டைக்கு நல்ல ஷாக்கு போட்டிருந்தா கொஞ்சமாவது அடக்கியிருக்கும். அவன் வண்டியில இருந்த ஷாக்கு செத்து எவ்ளோ நாளாச்சோ. காசு இல்லாதவன் கல்ல ஏத்தி ஷாக்குக்கு பதிலா ஓட்டிக்கினு இருந்திருக்கான்.

சப் இன்ஸ்பெக்டர் ஆளுங்க பக்கம் திரும்பி, எடுத்து வெய்யுங்கயான்னாரு. போலீசுங்க கல்லத் தூக்கினாங்க. நான் எங்க வெக்கணும்னு சொன்னேன், ஆக்ஸிலுக்கு நேர் மேல, பின்னாடி தள்ளி வேணாம்னு. கலியமூர்த்தியும் ஒரு கல்லத் தூக்கிக்கினு வந்தான். பொன்னன் கைய நீட்டி வாங்கல. அவன் அத கீழ வெச்சிட்டு ஒதுங்கி நின்னான். அந்த அதிகாரி அதுக்கப்பறம் பேரு எதுவும் கேக்கல. போற வழியில ரெண்டு எடத்துல மரம் விழுந்திருக்குதாம், எப்படிப் போவீங்களோ போங்கன்னு மட்டும் சொல்லிட்டு காரையும் விட்டுட்டாரு.

கலியமூர்த்தி சீட்ட மாட்டிட்டு, ஏறுண்ணான்னான். நான் அவன் கார்ல ஏறல. ஜீப்புல ஏறி அந்தப் பொண்ணு கால் ஆடாம புடிச்சிக்கினு கல்லு மேல ஒக்காந்துக்கினேன். அவன் கார எடுத்து எங்கள தாண்டி முன்னாடி போனான். தொலைஞ்சது சனியன்னு நெனச்சேன்.

தொலையல. மொத மரத்துக்கிட்ட காரு நின்னுக்கினு இருந்துச்சி. பெரிய புளியமரம், இந்தண்டையிலேர்ந்து அந்தண்ட வரைக்கும். மறியல் பண்ற பசங்க நாப்பது அம்பது பேரு. முந்தின நாளு ஜீப்புல பேஷண்டு இருக்குதுன்னு பொய் சொல்லிக்கினு போலீசு வந்து அடிச்சிட்டுதுன்னு ஒரு பேச்சு பரவியிருந்துச்சி, அதனால மலையிலேர்ந்து வர்ற ஜீப்ப யாரும் நம்பற மாதிரி இல்ல. ஒருத்தன் கையில கல்லோட வந்தான். ஆனா அந்த குள்ள கார அத்தன பேருக்கும் தெரியும். பாதிப் பேரு வூட்டு கல்யாணத்துல ஓடின காரு. கலியமூர்த்தி எறங்கி அவங்ககிட்ட என்னமோ சொன்னான், கையெடுத்து கும்பிட்டான். மரத்த நகத்த முடியாது, கழனி வழியா போங்கன்னு வழி விட்டாங்க.

கழனியில சேறு எங்க, கெட்டி எங்கன்னு தெரியாது. ஜீப்பு மாட்டிக்கினா அந்தப் பொண்ணு கதி அவ்ளோதான். கலியமூர்த்தி எங்கள நிறுத்தி வெச்சிட்டு, அந்த தரையோட தரையா கெடக்கற கார கழனியில எறக்கினான். அது போன தடத்துலயே வாங்கன்னு கைய காட்டினான். வரப்பு ஒவ்வொன்னுலயும் காரு வயித்த தேச்சிக்கினு போவுது. சைலன்சர் பிச்சிக்கினு போச்சி. ரோட்டுல ஏறற எடத்துல வெட்டின மரத்தோட அடிக்கட்டை ஒன்னு, அதுல முன்னாடி மடார்னு ஒரு இடி. அந்த சத்தம் எனக்கு எலும்புல கேட்டுச்சி.

ரோட்டுல ஏறினதும் பாத்தேன். கார் போற வழியெல்லாம் கருப்பா ஒரு கோடு. இஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் சம்ப்பு ஒடஞ்சிட்டுது. ஆயில் இல்லாம ஓட்டினா இஞ்சின் புடிச்சிக்கும், அத்தோட இஞ்சின் முடிஞ்சிது. பொன்னன ஆரன் அடிக்கச் சொன்னேன். நான் ஜீப்புல எழுந்து நின்னு, நிறுத்துடா, ஆயில் போவுதுடான்னு கத்தினேன். அவன் கண்ணாடி வழியா கைய வெளிய நீட்டி, வாங்க வாங்கன்னு ஆட்டினான். அவனுக்குத் தெரியும். மீட்டர் பக்கத்துல செவப்பு வெளக்கு எரிஞ்சிருக்கும், டிரைவருக்கு அது தெரியாம இருக்குமா? இன்னும் ஒரு மரம் இருக்குது, அங்கயும் அந்த காரு மொகம் தெரிஞ்சாத்தான் வழி கெடைக்கும். நான் கத்தறத நிறுத்திட்டேன். கத்தி அவன் நிறுத்திட்டா அந்தப் பொண்ணு அங்க மாட்டிக்குவா. அவன் இஞ்சின் சாவறத பாத்துக்கினே அவ கால புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். அந்த தூரம் மாதிரி ஒரு தூரம் நான் போனதே இல்ல.

ரெண்டாவது மரம் ஊருக்கு கிட்ட. கார பாத்ததும் பசங்களே கயிறு கட்டி மரத்த ஓரமா இழுத்தாங்க. ஜீப்பு உள்ள நொழையும்போது காரு பொகைஞ்சிக்கினு நின்னுது. கலியமூர்த்தி பக்கத்துல நின்னுக்கினு, போங்க போங்க, எனக்காக நிக்காதீங்கன்னான். அவன் சாவிய திருப்பிப் பாக்கக் கூட இல்ல.

ஆஸ்பத்திரியில விட்டுட்டு நான் நடந்தே திரும்பி வந்தேன். அவன் காருக்குப் பக்கத்துல ரோட்டுலயே குந்தியிருந்தான். அந்தப் பொண்ணு எப்படி இருக்குதுன்னு கேட்டான். உள்ள கொண்டுபோயிட்டாங்கன்னேன். ஏண்டா அந்த வேல செஞ்சன்னு கேக்கணும்னுதான் வந்தேன், மூஞ்சிய பாத்ததும் கேக்க முடியல. ரெண்டு பேரும் கார தள்ளிக்கினு கடைக்கு வந்து சேந்தோம்.

இஞ்சின எறக்கி அவனும் கூட நின்னு வேல செஞ்சான். ரொம்ப நாளாச்சி, காசு கெடைக்கும்போது ஒரு சாமான், அப்படி. மறியலெல்லாம் ஓஞ்சி பஸ்ஸு ஓட ஆரம்பிச்சப்பறம் ஒருநாள் பொன்னன் கடைக்கு வந்தான். பட்டைய கம்மி பண்ணிட்டு ஷாக்கு போட வந்திருக்கான்னு நெனச்சேன். அவன் எங்கிட்ட பேசல, கலியமூர்த்திக்கு எதிர்க்க போய் நின்னான். கலியமூர்த்தி தலைய தூக்கல. அடி விழுந்தா நடுவுல போவணுமா வேணாமான்னு நான் யோசிச்சிக்கினு நின்னேன்.

"மாவுக்கட்டு பிரிக்க அவளக் கூட்டிக்கினு வரணும். ஜீப்புல ஏற மாட்டேங்கறா. உன் காரு எப்ப ஓடும்?"

கலியமூர்த்தி கையில இருந்த ஸ்பானர கீழ வெச்சிட்டு என்னப் பாத்தான். அவனுக்கு கண்ணு கலங்கிப் போச்சி. எனக்கும்தான், உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். "பட்டைய திரும்ப போட்டு, பின்னாடியும் புது ஷாக்கு போட்டுட்டு நானே வந்து கூட்டிக்கினு போறேன்"னான்.